பழைய ஆபீஸைப் பூட்டாதீர்கள்!

பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும், பழைய தாலுகா ஆபீஸ் வராந்தாவின் அருமை!

வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும். வராந்தாவில் கால் வைத்தால் குளுகுளு என்று இருக்கும். கரண்ட் போனாலும் கவலை இல்லை. திண்ணையில் துண்டை உதறிப் போட்டு உட்காரலாம். மனு எழுதுகிறவர் ஒரு மூலையில். முத்திரைத்தாள் விற்கிறவர் ஒரு மூலையில். பெயர் சொல்லிக் கூப்பிடும் வரை ஊர்க்கதை பேசலாம்.

அந்த வராந்தாவுக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. கடப்பாரையோடு யாரும் வரவில்லை. ஒரு பூட்டோடு வருகிறார்கள்!

நடப்பது இதுதான். புது மாவட்டம் வருகிறது. புதுக் கட்டடம் எழும்புகிறது. ஆபீஸ் அங்கே போகிறது. பீரோ போகிறது, ஃபைல் போகிறது, கடைசியில் டவாலியும் போகிறார். பழைய கட்டடத்துக்கு ஒரு பூட்டு. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வார்த்தை. அந்தப் "பிறகு" வருவதற்குள் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைக்கிறது. இரண்டு ஐப்பசி தாண்டினால் கூரையில் ஓட்டை. நாலு தாண்டினால் "அபாயகரமான கட்டடம், யாரும் நெருங்க வேண்டாம்" என்று ஒரு போர்டு. அப்புறம் என்ன? இடிப்பதற்கு டெண்டர்!

செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29-ந்தேதி. அதில் நமக்கு சந்தோஷமே தவிர வருத்தம் இல்லை. கலெக்டரைப் பார்க்க காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிய காலம் போயிற்றே! கலெக்டருக்குப் புது ஆபீசும் கட்டியாயிற்று. வேண்டியதுதான். லிப்டு வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும், கம்ப்யூட்டர் வைக்க அறை வேண்டும். இதையெல்லாம் யார் வேண்டாம் என்றது? பழைய கட்டடங்களின் கதி என்ன என்பதுதான் நம் கேள்வி.

கருங்குழியிலிருந்து சைதாப்பேட்டை

இந்த ஜில்லாவின் கதையே வேடிக்கையானது. பெயர் என்னவோ செங்கல்பட்டு ஜில்லா. கலெக்டர் உட்கார்ந்ததோ வேறு ஊர்களில். ஆற்காட்டு நவாப் 1763-ல் இந்தச் சீமையைக் கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதற்கப்புறம் வெகுகாலம் கலெக்டர் கச்சேரி மதுராந்தகம் பக்கத்து கருங்குழியில் நடந்தது. ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே பிளேஸ் துரை, அவர் அந்தக் காலத்து கலெக்டர்தான். 1859-ல் கச்சேரி சைதாப்பேட்டைக்குப் போயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே. 1968-க்கு அப்புறம் காஞ்சிபுரம்.

ஆக, ஆபீஸ் ஊர் விட்டு ஊர் போவது நமக்குப் புதிதல்ல. போகும்போதெல்லாம் ஒரு கட்டடத்தை அநாதையாக விட்டுவிட்டுப் போவதும் புதிதல்ல. இன்றைக்கு கருங்குழி வழியாக பஸ்சில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், ஒரு ஜில்லாவையே ஆண்ட ஊர் அது என்று? சொல்லிக் காட்ட கண்ணெதிரே ஒன்றும் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

செங்கல்பட்டு கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். லோக்கல் ரயிலில் தினம் வருகிறவர்களுக்கு பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி தெரியும். கோட்டைக்கு ஒரு பக்கம் அரண் அந்தத் தண்ணீர்தான். விஜயநகரத்தார் காலத்தில் எழும்பிய கோட்டை. 1751-ல் பிரெஞ்சுக்காரன் பிடித்தான். அடுத்த வருஷமே கிளைவ் பீரங்கியோடு வந்து பறித்துக்கொண்டான். பிற்பாடு கோட்டைக்குள் சர்க்கார் ஆபீஸ்கள் வந்தன. இன்று எத்தனை ரயில் பயணிகளுக்கு இங்கே ஒரு கோட்டை இருந்தது என்று தெரியும்? பீரங்கியைத் தாங்கிய மதில், கவனிப்பாரில்லாமல் கரைந்து போயிற்று.

(ஊர்ப் பெயரில் செங்கல் இருக்கிறதே என்று யாரும் எண்ண வேண்டாம். செங்கழுநீர்ப் பூ பூத்த ஊர், செங்கழுநீர்ப்பட்டு என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஊரே பெயரில் பாதியைத் தொலைத்துவிட்டு நிற்கிறது!)

மல்லைக்கு ஒரு நியாயம், மற்றதற்கு ஒரு நியாயம்

நம் மாவட்டத்தில் பழசைக் காப்பாற்றத் தெரியாமல் இல்லை. மாமல்லபுரத்தைப் பாருங்கள். 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர். கடற்கரைக் கோயிலைச் சுற்றி புல்தரை, வேலி, காவல். பல்லவன் செதுக்கிய பாறையில் ஒருவன் ஆணியால் பெயர் கிறுக்கினால் பிடித்துக்கொண்டு போவார்கள். சரியான காரியம்!

ஆனால் பல்லவன் கட்டினால்தான் சரித்திரமா? வெள்ளைக்காரன் காலத்தில் நம் கொத்தனார் கட்டி, நம் சித்தாள் சுமந்து, நம் பாட்டன் வரி கட்டி எழும்பிய கச்சேரி சரித்திரம் இல்லையா?

அதே மாமல்லபுரத்தில் குன்றின் மேல் கலங்கரை விளக்கம் நிற்கிறது. சுமார் 1900-ல் கருங்கல்லால் கட்டியது. அதற்கு முன்னால் பக்கத்துப் பாறை மேல் இருக்கும் பழைய பல்லவர் கோயிலின் உச்சியில்தான் விளக்கு எரிந்தது. பாதுகாப்புக் காரணத்தால் பல வருஷம் பொதுமக்களை ஏற விடவில்லை. 2011-ல் மறுபடி திறந்தார்கள். இன்றைக்கும் ராத்திரியானால் அது கப்பலுக்கு வழிகாட்டுகிறது. பகலில் டிக்கெட் வாங்கி ஜனங்கள் ஏறுகிறார்கள். சர்க்கார் கட்டடம்தான். நூறு வயது தாண்டியதுதான். ஆனால் பூட்டிக் கிடக்கவில்லை. உழைத்துக்கொண்டே நிற்கிறது. அதனால்தான் யாரோ ஒருவர் வருஷா வருஷம் அதற்குப் பெயின்ட் அடிக்கிறார், கதவுக்கு எண்ணெய் விடுகிறார்.

கொஞ்சம் தெற்கே கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரன் கோட்டை. கோட்டை என்ற பெயரே தவிர, அது அவனுக்கு வியாபார ஆபீசும் கிடங்கும். துணியும் செங்கல்லும் கப்பலேறிய இடம். தொல்லியல் துறை எடுத்து, இடிந்த இடங்களைச் செப்பனிட்டு வைத்திருக்கிறது. நல்லது. இருந்தாலும், உயிர் போன பிறகு உடம்பைப் பதப்படுத்தி வைத்தது மாதிரி ஒரு அமைதி அங்கே. நம் தாலுகா ஆபீஸ்களுக்கு அந்த நிலை வர வேண்டுமா?

எரிந்ததும் பிழைத்தது, நனைந்ததும் விழுந்தது

பழைய சர்க்கார் கட்டடத்தை மீட்க முடியுமா என்று கேட்கிறவர்கள் பட்டணத்துக்கு ரயிலேறி சேப்பாக்கம் போய்ப் பார்க்கட்டும்.

நவாப் முகம்மது அலி வாலாஜா 1768-ல் கட்டிய அரண்மனை அது. கலச மகால் ஒன்று, ஹுமாயூன் மகால் ஒன்று. 1855-ல் கடைசி நவாப் காலமானதும் அரண்மனை ஏலத்துக்கு வந்து சர்க்கார் கைக்குப் போயிற்று. சிஷோம் துரை நடுவில் ஒரு கோபுரம் எழுப்பினார். வருவாய் வாரியம், பொதுப்பணித் துறை என்று ஆபீஸ்கள் நிரம்பின. எந்த மூலையில் பார்த்தாலும் பீரோ, எந்த பீரோவைத் திறந்தாலும் காகிதம்.

2012 ஜனவரியில், பொங்கல் லீவு சமயத்தில், கலச மகாலில் தீப்பிடித்தது. தேக்கு உத்தரம், மலை மலையாகக் காகிதம், கேட்க வேண்டுமா? கூரை இடிந்து தலையில் விழுந்து தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் இழந்தார். மற்றவர்கள் தீக்காயத்தோடு தப்பினார்கள். நாலு சுவர் மட்டும் கரிக்கட்டையாக நின்றது.

"இடித்துத் தள்ளு, மாடி மாடியாகக் கட்டு" என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படி நடக்கவில்லை. ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் கமிட்டி போட்டார்கள். காப்பாற்றலாம் என்று கமிட்டி சொன்னது. பொதுப்பணித் துறை பழைய சுண்ணாம்பு முறையைத் தேடிப் பிடித்து, காரை அரைத்து, தேக்கு உத்தரம் போட்டு, மகாலை எழுப்பி நிறுத்தியது. இன்றைக்கு அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. கவனியுங்கள்: மியூசியம் இல்லை, கோர்ட்டு! வக்கீல் வருகிறார், கட்சிக்காரர் வருகிறார், வாதம் நடக்கிறது. கட்டடம் பிழைத்துக்கொண்டது. பக்கத்து ஹுமாயூன் மகாலும் பின்னால் சீராயிற்று.

இனி கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து புதுச்சேரி போவோம். கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கம் மேரி கட்டடம். பிரெஞ்சுக்காரன் 1870-களில் நகராட்சிக்கென்று கட்டியது. ரிப்பேர் செய்ய வேண்டும், செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். 2014 நவம்பர் கடைசியில் அடைமழை. 29-ந்தேதி கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது! பிறகு உலக வங்கிப் பணம் வாங்கி அதே சாயலில் மறுபடி கட்டினார்கள். 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. குறை சொல்லவில்லை. ஆனால் அது பழைய மேரி இல்லை. செத்துப்போன தாத்தாவின் சட்டையைப் பேரனுக்குப் போட்டு "தாத்தா வந்துவிட்டார்" என்று சொன்னால் பாட்டி நம்புவாளா?

எரிந்த கட்டடம் பிழைத்தது. மழையில் நனைந்த கட்டடம் விழுந்தது. தீயை விட மழை பொல்லாதது என்றா அர்த்தம்? இல்லை சார். தீ ஒரு நாள் வந்தது, ஊரே ஓடி வந்தது. மழை வருஷா வருஷம் வந்தது, ஒருவரும் ஏணி வைத்து மேலே ஏறிப் பார்க்கவில்லை.

சிமெண்ட் என்ற சத்துரு

இன்னொரு சங்கதி. பூட்டிப் போடுவது ஒரு கெடுதல் என்றால், தப்பாக ரிப்பேர் செய்வது அதைவிடக் கெடுதல்.

பழைய ஆபீஸ் கூரை எப்படி இருக்கும் என்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? வரிசையாகத் தேக்குக் கட்டை. அதன் மேல் சின்னச் சின்ன செங்கல்லைக் குறுக்காக, செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அந்தத் தளத்தைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள், பாட்டும் பாடுவார்கள். கடைசியில் தட்டோடு. மெட்ராஸ் டெரஸ் என்று உலகத்துக்கே தெரிந்த கூரை இது. நம்ம ஊர்ச் சரக்கு!

சுவர் இரண்டு முழ கனம். செங்கல்லும் சுண்ணாம்பும். இந்தச் சுவர் மூச்சு விடும். மழையில் ஈரம் குடிக்கும், வெயிலில் ஈரத்தை வெளியே விடும். அதனால்தான் உள்ளே குளிர்ச்சி.

இந்தச் சுவரில் காரை பெயர்ந்தால் நம் காண்ட்ராக்டர் என்ன செய்கிறார்? ஒரு மூட்டை சிமெண்டைக் கலந்து அப்பிவிட்டுப் பில்லைப் போடுகிறார். மேலே பளபளவென்று ஒரு பெயின்ட். முடிந்தது வேலை! சிமெண்ட் மூச்சு விடாது. உள்ளே போன ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லை அரிக்கும். கடலோரத்தில் உப்புக் காற்று வேறு. இரண்டே வருஷத்தில் சிமெண்ட் பூச்சு செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழும். உடனே, "பார்த்தீர்களா, பழைய கட்டடம் தாங்காது" என்பார்கள். தாங்காமல் செய்தது யார்?

சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது. சுண்ணாம்பை ஊற வைக்க வேண்டும், அரைக்க வேண்டும், பூசியதை மெள்ள உலரவிட வேண்டும். மார்ச் மாதம் பணத்தை ஒதுக்கி மார்ச் 31-க்குள் செலவைக் காட்டு என்றால் எந்தக் கொத்தனாரால் முடியும்? யார் குறைந்த ரேட்டு போடுகிறாரோ அவருக்கே வேலை என்றால் காரை வேலை தெரிந்தவன் எப்படி உள்ளே வருவான்? பொதுப்பணித் துறையில் பழைய கட்டடங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சேப்பாக்கத்தில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ரயிலில் ஒரு மணி நேரம் தெற்கே அனுப்பக் கூடாதா? நம் ஊர்க் கொத்தனார் பிள்ளைகள் பத்துப் பேரை அவர்களோடு சேர்த்துவிட்டால், வேலையும் நடக்கும், தொழிலும் பிழைக்கும்.

குமாஸ்தாவும் மனுஷன்தான்

ஆபீஸ் சிப்பந்திகள் நம்மிடம் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். "வராந்தாவில் காற்று வாங்கிவிட்டுப் போகிற உங்களுக்கு என்னய்யா? உள்ளே உட்காருகிறவன் கஷ்டம் தெரியுமா? பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை உண்டா? ரெக்கார்டு ரூமில் கரையான். பிளக் பாயிண்டைத் தொட்டால் ஷாக். கூரையிலிருந்து பல்லியும் காரையும் மேஜையில் விழுகின்றன."

நூற்றுக்கு நூறு நியாயம்! இதை மறுத்துவிட்டுப் பழம்பெருமை பேசுகிற கூட்டத்தில் நாம் சேர மாட்டோம். அந்த ஆபீசில் உட்கார்ந்து ஒரு மாதம் வேலை பார்க்காதவருக்கு அதன் அழகைப் பற்றிப் பேச யோக்கியதை கிடையாது.

ஆனால் இதற்கெல்லாம் கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. கழிப்பறையைப் பின்புறம் தனியாகக் கட்டலாம், முன்முகப்பு கெடாமல். வயரைச் சுவரைக் கொத்தாமல் குழாய்க்குள் வெளியே ஓட்டலாம். பழைய வயரை முழுக்கப் பிடுங்கி எறிய வேண்டும், இதில் கஞ்சத்தனம் கூடாது. காகிதக் கட்டுகளைத் தேக்குக் கூரைக்குக் கீழே அடைத்து வைக்கவே கூடாது. சேப்பாக்கத்தில் ஒரு உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் அது. பட்டாவும் வில்லங்கமும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்ட காலத்தில், பழைய ரெக்கார்டுகளுக்குப் பக்கத்தில் தீப்பிடிக்காத தனிக் கட்டடம் ஒன்று போதும்.

படிக்கட்டு ஏற முடியாதவர்கள் சங்கதி முக்கியம். பழைய கச்சேரிகள் எல்லாம் அதிகார மிடுக்கோடு உயரப் படி வைத்துக் கட்டியவை. துரை மேலே, குடியானவன் கீழே! மாற்றுத் திறனாளிகளுக்குப் பொதுக் கட்டடங்களில் வழி செய்ய வேண்டும் என்று 2016-ம் வருஷச் சட்டமே சொல்கிறது. பக்கவாட்டில் ஒரு சாய்தளம் வைத்தால் முகப்பின் அழகு கெட்டுவிடும் என்று எவராவது சொன்னால், அந்த அழகு நமக்கு வேண்டாம். உதவித்தொகைக்கு வரும் கிழவி ஏற முடியாத கட்டடத்தைக் காப்பாற்றி என்ன பிரயோசனம்?

இன்னொரு யோசனையும் அடிபடும்: ஹோட்டல் ஆக்கலாம், கடை ஆக்கலாம், டூரிஸ்டு வருவான் என்று. கொழும்புக் கோட்டையில் டச்சுக்காரன் கட்டிய ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. நம் சதுரங்கப்பட்டினத்தாருக்கு உறவு முறை! பிற்காலத்தில் போலீஸ் ஸ்டேஷனாக இருந்தது. 2011-ல் அழகாகப் புதுப்பித்து, சாப்பாட்டுக் கடையும் துணிக்கடையுமாக ஆக்கிவிட்டார்கள். ஓடும் செங்கல்லும் தப்பின. கையில் காசு உள்ளவன் நுழையலாம். நம் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் உட்கார இதுவரை யாரும் காப்பி வாங்க வேண்டியிருக்கவில்லை. வேறு வழியே இல்லாத இடத்தில் கடை ஆகட்டும். ஆபீசாக இருக்க முடிந்தது ஆபீசாகவே இருக்கட்டும். ஆபீஸ் இல்லாவிட்டால் இ-சேவை மையம், நூலகம், முதியோர் உதவித்தொகை கவுண்டர், ஏதாவது ஒன்று. ஜனங்கள் வந்து போகிற இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. மரபுக் கட்டடங்களைக் காக்க 2012-லேயே சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது அமலுக்கு வந்தது 2024-ல்! பன்னிரண்டு வருஷம் ஃபைலில் தூங்கிய சட்டம். மகாமகமே பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறது. போகட்டும், இப்போதாவது விழித்ததே! பட்டியல் போட வேண்டும். பட்டியலில் சென்னைக் கட்டடங்கள் மட்டும் போதாது. மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம், திருப்போரூர் என்று தாலுகா தாலுகாவாகப் போக வேண்டும். கச்சேரி, சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், பயணியர் விடுதி, எதையும் விடக் கூடாது.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள், உடனடியாகச் செய்யக்கூடியது. அதிகப் பணமும் ஆகாது. புரட்டாசி முடிவதற்குள், காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு பழைய சர்க்கார் கட்டடத்துக்கும் ஒரு ஆளை, ஒரு ஏணி, ஒரு அரிவாள், ஒரு கூடையோடு அனுப்புங்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்கட்டும். மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை அள்ளட்டும். பெயர்ந்த தட்டோட்டைக் குறித்துக்கொண்டு கீழே இறங்கட்டும். போகும்போது சாவியை யாரிடம் கொடுத்தார் என்பதையும் எழுதி வைக்கட்டும். பல கட்டடங்களில் பூட்டு இருக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டுகிறார்கள்!